சிலம்பப் பயிற்சி சைவ ஒழுக்கத்துக்கு மாறாகுமா?

உடலை வளர்த்தலும் பொழுதை நன்முறையிற் போக்குதலும் கருதி ஒரு மாணாக்கன் சிலம்பமேனும் கராத்தேயேனும் பயிலலாமா? கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சைவ மரபிற் பிறந்தவன் பிறனை அடிக்கும் வகையைக் கற்றல் தகுமா? இவ்வினாவை விளையாட்டு வினாவென்று தள்ளுதல் கூடாது. 1983ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டுவரை யுத்தத்தைக் கண்ட நாடு இது. இறுப்பிட்டி முதலாய தீவகக் கிராமங்களிலே பூட்டிய வீடுகளும் இடிந்த மதில்களும் அதற்கு இன்னும் சாட்சி பகர்கின்றன. “எங்கள் பிள்ளைகளுக்கு இனி அடிதடி எதற்கு? படிப்பே போதும்” என்று ஒரு தாய் சொல்வாளாயின், அச்சொல்லின் பின்னே நிற்பது அறியாமையன்று, துயரமேயாம். ஆதலால் அவளுக்குத் தக்க விடை கூற ஆசிரியராகிய நாம் கடமைப்பட்டோம்.

முதற்கண் இக்கலையின் இயல்பை நோக்குவாம். யாழ்ப்பாணத்தார் சீனடி, சிலம்படி என இரண்டையும் சேர்த்து வழங்குவர். முன்னது வெறுங்கைப் பயிற்சி. பின்னது கம்புப் பயிற்சி. கம்பு நிலத்தில் ஊன்றியவிடத்து ஏறக்குறைய நெற்றி மட்டம் நிற்பது. மாணாக்கன் முதலில் ஆசானையும் நிலத்தையும் வணங்கிக் காலடி வரிசை பயில்வன். கால் தன் நிலையறிந்த பின்னரே கம்பு கையிற் சுழலும். வலக்கை செய்வதை இடக்கையும் செய்தல் வேண்டும். வீச்சைக் கற்பவன் அதற்குரிய தடையையும் உடன் கற்பன். கண்ணும் காலும் கையும் மூச்சும் ஒருங்கியையாவிடின் கம்பு தன்னையே அடிக்கும்.

இதனால் தேகத்துக்கு நன்மை உண்டென்பதை எவரும் மறார். ஐந்து முதற் பதினேழு வயதுவரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலுழைப்புடன் இயங்குதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. வகுப்பறையிலும் பிரத்தியேக வகுப்பிலும் இருந்து, எஞ்சிய பொழுதைக் கைத்தொலைபேசியின் முன் கழிக்கும் பிள்ளைகளுள் எத்துணைப் பேருக்கு இது வாய்க்கின்றது? ஆயினும், இப்பயன் ஓட்டத்தாலும் நீச்சலாலும் கிளித்தட்டாலும் வருமேயென்று ஒருவர் கேட்கலாம். வரும். ஆகவே, தேகசுகம் ஒன்றையே காட்டி இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. அடிக்கும் வகையைக் கற்பதில் அறத்துக்கு ஆவதொன்று உண்டா என்பதே நாம் ஆராயத்தக்கது.

மிசன் கல்லூரியிற் பயின்ற எம்போல்வார், ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டுக என்னும் போதனையை மலைப்பிரசங்கத்திலே கேட்டு வளர்ந்தோம். திருவள்ளுவரும் பொறையுடைமைக்கும் வெகுளாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். பலிக்கக்கூடிய இடத்திலே கோபத்தை அடக்குதலே அடக்கம். பலியாத இடத்தில் அடக்கினும் அடக்காதொழியினும் வேறுபாடு இல்லை என்பது வெகுளாமை அதிகாரத்தின் கருத்துக்களுள் ஒன்று. இதனை ஊன்றி நோக்குக. அடிக்க மாட்டாதவன் அடியாதிருத்தல் இயலாமை. அடிக்க வல்லவன் அடியாதிருத்தலே பொறுமை. அச்சத்தால் வாய்மூடி நிற்கும் பிள்ளையைச் சாந்தகுணன் என்று நாம் புகழ்வதுண்டு. அவன் உள்ளம் கொதித்துக்கொண்டிருத்தலும் கூடும். தன்னின் எளியானைக் கண்டவிடத்து அக்கொதிப்பு வெளிப்படுதலும் கூடும்.

இன்னும், சிலம்பக்களத்து அடிக்கும் கொடுமைக்கும் மூன்று வேற்றுமை உள. களத்தில் இருவர் கையிலும் கம்பு உண்டு. இருவரும் உடன்பட்டே இறங்கினர். எல்லை இதுவென இருவர்க்கும் முன்னரே தெரியும். போட்டியிலே கம்பு மேனியைத் தொட்டாற் போதும், வீழ்த்துதல் வேண்டா. கொடுமையிலோ ஒருவன் கையில் ஆயுதமும் மற்றவன் கையில் ஒன்றுமின்மையும், உடன்பாடின்மையும், எல்லையின்மையும் காணப்படும். யுத்தம் நம்மவர்க்குச் செய்தது இந்த இரண்டாம் வகையினது. இரண்டையும் ஒன்றென மயங்குதல் தக்கதன்று.

பிறநாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. யூடோ வித்தையை 1882ஆம் ஆண்டிலே யப்பானில் நிறுவிய கனோ சிகோரோ என்பார் ஓர் ஆசிரியர். தோக்கியோ உயர் ஆசிரிய கலாசாலையின் தலைவராகப் பல்லாண்டு கடமையாற்றியவர். அவர் பழைய மற்போர் முறைகளில் ஊறுவிளைக்கும் பிடிகளைத் தாராளப் பயிற்சியினின்றும் விலக்கி, எஞ்சியதைக் கல்வியாக்கினார். தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதலை அவ்வித்தையின் நோக்கமாக வைத்தார். கராத்தே தோன்றிய ஒக்கினாவா நம்முடையதுபோல ஒரு தீவகம். 1945ஆம் ஆண்டுப் போரில் அத்தீவகம் பேரழிவுற்றது. அதன்பின் அம்மக்கள் தம் கலையை வெறுத்து விட்டாரல்லர். அதனைப் பிள்ளைகளின் பயிற்சியாகப் பேணினர். 2021ஆம் ஆண்டு நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலே அத்தீவினரான கியுனா ரியோ ‘கத்தா’ என்னும் பிரிவிற் பொற்பதக்கம் பெற்றார். அப்பிரிவிலே எதிராளி இல்லை. தன் உடலையும் உள்ளத்தையும் தானே ஆண்டு காட்டுதலே போட்டி. இந்தியாவிலே வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா, எழுபது வயதைக் கடந்த பின்னும் களரிப்பயிற்று கற்பித்தமைக்காக 2017ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். இக்கலை இளைஞருக்கும் ஆடவருக்குமே உரியதென்பாருக்கு அவரே விடை.

இனி, வலிய ஆட்சேபம் ஒன்றுண்டு. அடிக்கும் வல்லமை வந்தால் அடிக்கும் ஆசையும் வராதா? வருதல் கூடும். கலை தன்னளவிற் குணத்தைக் கொடுக்குமென்று சொல்லுதல் பொய். நற்குணம் ஆசானிடத்திருந்து வருவது. பிள்ளை கம்பு சுழற்றும் வகையை ஆசானிடம் கற்பதுபோலவே, வலியவன் எளியவனை எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதையும் அவனைப் பார்த்தே கற்கும்.

ஈண்டு நாம் நம்மையே நோக்குதல் வேண்டும். வகுப்பறையிலே பிரம்பேந்தி நிற்கும் உபாத்தியாயர் எதிரே பிள்ளை வெறுங்கையோடு நிற்கின்றது. அங்கே உடன்பாடு இல்லை. எல்லையும் அடிப்பவரின் கோபத்தளவே. மேலே கூறிய மூன்று வேற்றுமையையும் வைத்து அளந்தால், சிலம்பக்களம் எப்பக்கம் நிற்கும், பிரம்பு எப்பக்கம் நிற்கும்? இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையினாற் பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிவிட்டது. அப்படியிருந்தும், “அடியாத மாடு படியாது” என்று சொல்வார் நம்முள் இன்னும் உளர். பிள்ளை மாடன்று.

சிலர் இதற்குச் சாத்திரமும் காட்டுவர். இறைவன் செய்யும் தண்டமும் கருணையே, அது மறக்கருணை எனச் சித்தாந்தம் கூறுமாகலின், ஆசிரியன் அடியும் அருளேயென்பர். இது பொருந்தாது. மறக்கருணை விருப்பு வெறுப்பற்ற முதல்வனுக்கே உரியது. சூரனைத் தடிந்த வேல் அவனை மயிலும் சேவலுமாக்கி ஆட்கொண்டது. கணக்குப் பிழைத்த பிள்ளையின் உள்ளங்கையிற் பட்ட பிரம்பு யாரை ஆட்கொண்டது? காலையில் வீட்டிலே உண்டான சினத்தைப் பதினொரு மணிக்கு ஒரு சிறுவன் மேல் இறக்குதற்குச் சைவ சித்தாந்தத்தைத் துணைக்கழைத்தல் தெய்வநிந்தனையாகும்.

ஆதலால் நாம் துணிவது இது. சிலம்பம் முதலிய கலைகளைப் பொழுதுபோக்காகவும் தேகாப்பியாசமாகவும் பயிலுதல் கொல்லாமைக்கு மாறன்று. தக்க ஆசானிடத்துப் பயிலின் அவ்வறத்துக்கே உறுதியாகும். பாடசாலைகளில் இதனைத் தொடங்குவோர் சிலவற்றை நியமமாகக் கொள்க. வணக்கத்தோடு தொடங்கி வணக்கத்தோடு முடித்தல், பெண்பிள்ளைகளையும் சேர்த்தல், இணைப்பயிற்சியில் நிறையும் வயதும் ஒத்தாரையே எதிர்நிறுத்தல், தலைக்குக் காப்பணிதல், களத்துக்கு வெளியே கைந்நீட்டியவனைச் சில நாள் கம்பு தொடவிடாது விலக்குதல் என்பன அவை. இவையனைத்துக்கும் முன்னே, கற்பிப்பவர் தம் பிரம்பைக் கீழே வைத்தல் வேண்டும். வகுப்பிலே எளியாரை அடிக்கும் கை, களத்திலே பொறுமையைக் கற்பிக்க மாட்டாது.

அந்தத் தாய்க்கு நாம் கூறத்தக்க விடையும் இதுவே: “அம்மா, உன் பிள்ளைக்கு அடிக்கக் கற்பிக்கின்றோமில்லை; கையில் வலிமையிருக்கும்போது கையை நிறுத்தக் கற்பிக்கின்றோம்.” அவ்விடை மெய்யாதல் நம் நடையைப் பொறுத்தது.

ஓர் ஆசிரியன்,
இறுப்பிட்டி.