சம்மதித்த கூலி நியாயமான கூலியா?

"ஒப்புக்கொண்டுதானே வேலைக்கு வந்தார்?" கூலியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாம் சொல்லும் சமாதானம் இது. அல்லாஹ்வின் முன்னிலையில் இது செல்லுமா?

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே பயணிக் கப்பல்களை ஓட்டும் நிறுவனங்களில் ஒன்று பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ். துபாய் அரசின் டிபி வேர்ல்டு நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2022 மார்ச் 17 அன்று அது 786 கடலோடிகளை முன்னறிவிப்பின்றி வேலையிலிருந்து நீக்கியது. பதிவு செய்துவைத்த காணொளி மூலம் செய்தி சொல்லப்பட்டது. அவர்கள் இடத்தில் ஏஜென்ஸி ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். சராசரிக் கூலி மணிக்கு 5.50 பவுண்டு. அன்று பிரிட்டனில் கரையில் உழைப்போருக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியோ 8.91 பவுண்டு. கப்பல்கள் அயல்நாட்டுக் கொடியின் கீழ் வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குச் செல்பவை என்பதால் அந்தச் சட்டம் அவற்றை எட்டவில்லை.

நஷ்டத்தில் ஓடிய நிறுவனத்தைக் காக்க வேறு வழியில்லை என்றது நிர்வாகம். நஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதன் சுமை முழுவதையும் எளியவன் தலையில் ஏற்றுவது எந்த நீதி?

2024-ல் பார்லிமெண்டுக் குழுவொன்று நிறுவனத் தலைவரை அழைத்து, மணிக்கு 4.87 பவுண்டு கூலியில் உங்களால் வாழ முடியுமா என்று கேட்டது. முடியாது என்றார் அவர்.

நம் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பும்வரை ஈமான் நிறைவு பெறாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். வறுமை வாங்கித் தரும் சம்மதம் சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், ஈமானுக்குப் போதாது.

வெள்ளிதோறும் நாம் ஓதும் ஸூரா கஹ்ஃபில் கடலில் பாடுபட்ட ஏழைகளின் கப்பல் வருகிறது (18:79). கப்பல்களை அபகரிக்கும் அரசனிடமிருந்து அது தப்பவே ஹிள்ரு (அலை) அவர்கள் அதில் பழுது உண்டாக்கினார்கள். அங்கே ஏழைகள் அறியாமலேயே அவர்கள் பிழைப்பு காக்கப்பட்டது. இங்கே அவர்கள் அறியாமலேயே அது பறிக்கப்பட்டது.

பிரிட்டன் 2023-ல் புதுச் சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு 120 முறையேனும் தன் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில், தன் கடல் எல்லைக்குள் நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு இணையான தொகை தரப்பட வேண்டும். 2024 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. எல்லையைத் தாண்டினால் சட்டம் நின்றுவிடும். அல்லாஹ்வின் பார்வைக்கு எல்லை ஏது?

நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும், கடைப் பையனுக்கும், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கும் நாம் கொடுப்பது என்ன? அந்தத் தொகையில் நம்மால் ஒரு மாதம் குடும்பம் நடத்த முடியுமா? இந்த மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.