நடக்காத சண்டையின் முடிவு

அலி பெரியவரா, ஸ்டீவன்சனா? என்னிடம் குத்துச்சண்டை பழகும் பையன்கள் விடாமல் கேட்கிற கேள்வி. கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்கிலும் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். தொழில்முறைக்குப் போகவே இல்லை. முகமது அலி 1960 ரோம் தங்கத்தோடு அமெச்சூரை முடித்துக்கொண்டு, மூன்று முறை உலகப் பட்டம் பிடித்தவர்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டுவேன் பாபிக்கோடு ஸ்டீவன்சன் மோதியதைப் பாருங்கள். இடது கை நீண்டு நீண்டு தூரத்தை அளக்கிறது. வலது கை காத்திருக்கிறது. மூன்றாவது சுற்றில் அது இறங்க, நடுவர் சண்டையை நிறுத்துகிறார். ஆனால் அன்றைய அமெச்சூர் சண்டை மொத்தமே ஒன்பது நிமிடம். தொழில்முறைச் சண்டையில், மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு அலி 14 சுற்று நின்றார். பத்தாவது சுற்றுக்கு மேல் ஒருவனுக்குள்ளிருந்து எழுந்து வருகிற ஆள் வேறு. அந்த ஆளை ஸ்டீவன்சன் தனக்குள் சந்தித்ததே இல்லை.

அப்படியொரு ஆள் அவருக்குள் இருந்தானா? கடவுளுக்குத் தெரியும் என்பார்கள். நான் தினமும் கும்பிடுகிறவன்; ஆனாலும் கடவுளுக்கும் தெரியாது என்றே நம்புகிறேன். எதிராளியின் குத்து வரும்போதுதான் திறமை பிறக்கிறது. நடக்காத சண்டைக்கு எங்கேயும் முடிவு எழுதி வைத்திருக்காது.

விட்டுக்கொடுத்ததை வேண்டுமானால் ஒப்பிடலாம். ஸ்டீவன்சன் நாட்டை விட்டு வர மனமில்லாமல் லட்சக்கணக்கான டாலரை மறுத்தார். அலி தன் மார்க்கத்தைச் சொல்லி 1967இல் ராணுவத்துக்குப் போக மறுத்தார். அதனால் மூன்றரை ஆண்டு அவருக்குச் சண்டையே இல்லை. இதில் நான் அலி பக்கம். ஸ்டீவன்சனுக்குப் பணம் போனாலும் ரிங் மிஞ்சியது. அலிக்கு 25 வயதில் ரிங்கே போனது.