நந்தவனத்துப் புழு

சிவபூசைக்கென வளர்க்கும் வில்வத்தின் தளிரைப் புழு தின்னுமாயின், அப்புழுவை நஞ்சு தெளித்துக் கொல்லுதல் தகுமோ, தகாதோ? நந்தவனம் உடைய திருக்கோயில்களிலும் திருமடங்களிலும் இவ்வினா எழுவது இயல்பு. எழுந்தும், ஆராயப்படாமலே மருந்துக்கடையில் முடிந்துவிடுதலும் உண்டு. சிறிய உயிர், சிறிய வினா என்று இதனைக் கழித்துவிடுதல் பொருந்தாது. விலங்கையும் புள்ளையும் காடுகளையும் காத்தல் வேண்டுமென்று உலகம் இந்நாளிற் பேசுகின்றது. அப்பேச்சிற்குச் சித்தாந்த சைவர் கூறவேண்டிய விடை இச்சிறு வினாவினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது என்பது எம் கருத்து.

யாம் வதியும் உறையூர்க்கு மேற்றிசையில், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட மேலணைக் காப்புக்காட்டில், வனத்துறையார் 2015-ஆம் ஆண்டில் வண்ணத்துப்பூச்சிகளுக்கென ஒரு பூங்காவைத் திறந்தனர். அதன் பரப்பு ஏறக்குறைய 25 ஏக்கர். நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் அங்கே கண்டு குறிக்கப்பட்டுள்ளன. அவ்வுயிர்கள் அங்கு வந்து பெருகுதற்குச் செய்த உபாயம் யாதெனின், தேன் தரும் பூஞ்செடிகளோடு, புழுப்பருவத்திற்கு இரையாகும் செடிகளையும் நட்டு வளர்த்தமையேயாம். தாய்ப்பூச்சி தன் காலால் இலையைத் தொட்டுச் சுவையறிந்து, தன் குஞ்சு உண்ணத்தக்க செடியிலேயே முட்டையிடும். வெளிவந்த புழு பெரும்பாலும் அவ்வினச் செடியையன்றிப் பிறிதொன்றை உண்ணாது. எலுமிச்சை அழகி என்னும் வகைக்கு எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை என்பவற்றோடு வில்வமும் உணவு. கொன்னை வெள்ளையனுக்குக் கொன்றை உணவு. வெந்தய வரியனுக்கு எருக்கு உணவு. வில்வமும் கொன்றையும் எருக்கும் யாருடைய திருமுடிக்குரியன என்பதை இவ்விதழ் பயில்வார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சிவபிரானுக்குச் சாத்தும் பத்திரமே இவ்வெளிய உயிர்க்கு முதலுணவாயும் அமைந்துள்ளது. அமைத்தவன் யார் என்று நோக்குதல் வேண்டும்.

உயிர்கள் அநாதியே ஆணவமலத்தால் மறைப்புண்டன. அம்மறைப்பு நீங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் தோற்றுவித்து, அவ்வவ்வுயிரின் வினைக்கீடாகக் கூட்டுகின்றான் என்பது நம் நூல்களின் துணிபு. இந்நான்கும் மக்கட்கே உரியன என்று எந்நூலும் கூறிற்றில்லை. நால்வகைத் தோற்றத்து எழுவகைப் பிறப்பிற்கும் அவை பொது. ஆகவே, புழுவின் உடம்பு அதற்குத் தனு, இலையை அறியும் அதன் உணர்வுக்கருவி கரணம், வில்வமரம் புவனம், அம்மரத்தின் தளிர் போகம். கொல்லாமையை மேற்கொண்டாருட் பலரும் தனு ஒன்றனையே கருதினர். புவனமும் போகமும் பறிக்கப்பட்டபின் தனு நிற்குமாறு யாங்ஙனம்? காடு அழிக்கப்பட்டவிடத்து யானையை ஒருவரும் வெட்டினாரில்லை. ஏரி தூர்க்கப்பட்டவிடத்து நாரையை ஒருவரும் எய்தாரில்லை. ஆயினும் அவை ஆண்டு இல்லை. கொன்றார் என்று ஒருவரையும் சுட்டமுடியாத கொலை இது. இறைவன் அளித்த நான்கனுள் எதனைப் பறிப்பினும் அவன் அருட்செயலுக்கு இடையூறு செய்தலேயாம். ஆகலின், சீவகாருணியம் என்பது உயிரைக் கொல்லாமையோடு நில்லாது, அவ்வுயிர் வாழும் இடத்தையும் நுகரும் உணவையும் அழியாமையும் ஆம் என்க.

இனி, ஒருசாரார், ‘உயிர் நித்தியம், ஓருடம்பு ஒழியின் இறைவன் வேறுடம்பு கூட்டுவான், ஓரினமே அற்றுப்போயினும் உயிர்க்கு வருங் கேடு யாது?’ என்று கடாவுவர். உயிர் நித்தியம் என்பது மெய்யே. அதுகொண்டு கொலை குற்றமன்றெனின், மக்கட்கொலையும் குற்றமன்றாய் முடியும். அயலான் வேறு வீடு கட்டிக்கொள்வான் என்பது அவன் வீட்டிற்குத் தீயிடுதற்கு நியாயம் ஆகுமோ? அன்றியும், பிராரத்தம் நுகர்ந்தே கழியற்பாலது. அந்நுகர்ச்சியை இடையில் அறுத்தவன் அவ்வுயிர்க்கு நன்மை செய்தானல்லன்; தனக்கு ஆகாமியம் ஈட்டிக்கொண்டான்.

வேறு சிலர் எறிபத்த நாயனார் வரலாற்றை எடுத்துக்காட்டுவர். சிவகாமியாண்டாரது பூங்கூடையைப் பறித்துச் சிதறிய பட்டத்து யானையை அந்நாயனார் மழுவால் வீழ்த்தினாரன்றோ, பூவுக்கு இடர் செய்த உயிரைக் கோறல் தொண்டாகாதோ என்பது அவர் வினா. அவ்வரலாற்றை முற்றும் நோக்குதல் வேண்டும். அந்த யானைக்குரியவர் இவ்வுறையூரில் இருந்து அரசுபுரிந்த புகழ்ச்சோழ நாயனார். அவர் கருவூரில் அச்செய்தி கேட்டு, யானைமேற் பழிபோடாது, தம் உயிரையே ஈடாக நீட்டினார். எறிபத்தரும் அவ்வாளாலே தம் கழுத்தை அரியப் புகுந்தார். முடிவில் திருவருள் பூக்கூடையை நிறைத்ததோடு நின்றதோ? இல்லை, இறந்த யானையும் உடன்மாண்டவரும் உறங்கி எழுந்தார்போல எழுந்தனர். பூவும் வேண்டும், யானையும் வேண்டும் என்பதே இறைவன் தீர்ப்பாயிற்று.

உறையூர்க்கு அணித்தாகிய திருவானைக்காவின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். வெண்ணாவல் நீழலில் எழுந்தருளிய பெருமான்மீது சருகு வீழாவண்ணம் சிலந்தி பந்தரிட்டது. நீர்கொணர்ந்து ஆட்டிய யானை அதனைத் தூய்மையன்று என்று அழித்தது. யானையின் கண்ணுக்கு அழுக்காய்த் தோன்றியது இறைவனுக்குத் தொண்டாயிருந்தது. அச்சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட்சோழராய்த் தோன்றித் திருக்கோயில்கள் பல எடுப்பித்தது. உடம்பின் சிறுமை கொண்டு உள்ளுறையும் உயிரின் பரிபாகத்தை அளத்தல் நம்மனோர்க்கு ஆவதன்று.

நஞ்சின் இயல்பையும் எண்ணுதல் வேண்டும். அது கருதிய இடத்தோடு நில்லாது. கால்நடைகளின் வீக்கமும் நோவும் தணித்தற்கு டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து இந்நாட்டில் வழங்கப்பட்டது. அம்மருந்துண்டு இறந்த மாட்டின் ஊனைத் தின்ற பாறுக்கழுகுகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டன. அவற்றுட் சில வகைகள் சில்லாண்டுகளில் நூற்றுக்கு 95-க்கு மேலும் குறைந்தன. 2004-இல் அக்காரணம் வெளியிடப்பட்டது. 2006-இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்தை இந்திய அரசு விலக்கியது. மருந்திட்டவர் பசுவின்பால் இரக்கமுடையவரே. பாறுகளைக் கொல்லும் எண்ணமுடையாரல்லர். சடாயு பூசித்த புள்ளிருக்குவேளூரைப் போற்றும் நாம் இதனை மறத்தலாகாது. நந்தவனத்தில் தெளிக்கும் நஞ்சும் புழுவோடு நில்லாது தேனீயையும் கொல்லும். அப்புழுவைக் கவ்விச் சென்று குஞ்சுக்கு ஊட்டும் குருவியின் கூட்டையும் சென்று தாக்கும்.

அற்றேல், பூசைக்குப் பத்திரம் யாது? புழுக்கடி முதலிய குற்றமுடையன ஆகா என்பது விதி. அவ்விதி நல்லிலையைத் தெரிந்தெடுக்கச் சொல்லிற்றேயன்றிப் புழுவைக் கொல்லச் சொல்லிற்றில்லை. முதிர்ந்த வில்வமரம் சில புழுக்கள் மேய்ந்தமையாற் பட்டுப்போவதில்லை. புள்ளும் குளவியும் அவற்றின் தொகையை அளவில் நிறுத்தும். இளங்கன்றாயின் சில புழுக்களே அதனை மொட்டையாக்கிவிடும். ஆண்டு அவற்றை இலையோடு எடுத்து வளர்ந்த மரத்தில் விடுதலும், கன்றை மெல்லிய வலையால் மூடுதலும் போதியன. உழவர் தம் பயிர்க்கு வரும் இடர் வேறு. அதனை ஈண்டு எடுத்திலேம். வயிற்றுக்கன்றி வழிபாட்டிற்கென வளர்க்கும் தோட்டத்தில் அத்தகைய நெருக்கடி யாதுமில்லை.

ஆதலால், நந்தவனங்களிற் கொல்லும் நஞ்சை அறவே விலக்கி, எருக்கும் கொன்றையும் கறிவேப்பிலையும் அடர்ந்த ஒரு மூலையைப் பறியாது விட்டுவைக்குமாறு திருக்கோயில் நிருவாகத்தாரையும் மடத்துப் பெரியோரையும் வேண்டுகின்றேம். சித்தாந்தம் பயில வரும் சிறார்க்குத் தனு கரண புவன போகங்களை ஏட்டில் மட்டும் காட்டாது, அம்மூலைக்கு அழைத்துச் சென்று இலைமேற் காட்டுக. கண்ட பிள்ளை அப்புழுவை நசுக்கக் கூசும். அக்கூச்சமே அருளுக்கு வித்து.