இடரும் இறையன்பும்

நல்லதண்ணியினின்று சிவனொளிபாதமலைக்கு ஏறும் அடியார், திசெம்பர் தொட்டு மே வரையும் பனியிரவிற் பல்லாயிரம் படிகளைக் கடக்கின்றனர். கால் நோகின்றது; உள்ளமோ மகிழ்கின்றது. அம்மலைச் சாரலிலே கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் தாய்க்கும் கால் நோகின்றது. அடியாரது வருத்தம் தாமே விரும்பி ஏற்றது. தாயினது வருத்தம் அவள்மேற் சுமத்தப்பட்டது. அவளை நோக்கி, 'இறைவனை நம்பி மகிழ்க' என்று யாம் கூறல் தகுமோ?

அப்பர் பெருமான் வரலாறு இதற்கு விடை பகரும். பல்லவன் ஆணையால் நீற்றறையில் ஏழு நாள் அடைபட்டிருந்தும், அவர் திருவடி நீழலில் இன்புற்றிருந்தாரெனச் சேக்கிழார் பெரியபுராணத்துட் கூறுவர். அவர் உடல் அரசனுக்கு வசப்பட்டது; உள்ளம் வசப்பட்டிலது. ஆயினும் அவ்வாணையை அவர் நீதியென ஒப்பினாரல்லர். அரசன் அழைப்பை முன்னரே மறுத்தவர் அவர். ஆகவே, இடரில் மகிழ்தல் வேறு. கொடுமைக்கு இணங்கல் வேறு.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலார் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே எழுந்தது. அவ்விடைக்காலத்து அம்மக்கள் மாரியம்மனுக்கு விழாவெடுத்தலையும் விட்டிலர். உரிமை கேட்டலையும் விட்டிலர். நம்பிக்கை அவர் வாயை அடைக்கவில்லை, தலையை நிமிர்த்திற்று.

ஆதலின் ஆசிரிய அன்பர்காள், பசியோடு வகுப்பில் இருக்கும் மாணாக்கனிடம் 'இஃது உன் வினை' என்றுரைத்து அமைதல் சைவமன்று. முன்னர் அவன் பசியைத் தீர்ப்போமாக; பின்னர்த் திருவடியின்பத்தை உரைப்போமாக. அப்பொழுதே அவன் நம் சொல்லை நம்புவான்.