ஆலவாய்த் திருவாயில்

திருநாளைப்போவார் சரித்திரத்தை ஓதுவியாத சைவாசிரியர் நம்மிடையே இலர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் சரித்திரத்தை அத்துணை விரித்துரைப்பார் சிலரே. இரண்டும் பெரியபுராணத்துள்ளன, இரண்டும் வாயிற்புறத்தே நின்ற அடியாரைப் பற்றியன. எனினும் இவை மாணாக்கர் உள்ளத்தில் விதைக்கும் எண்ணம் ஒன்றன்று.

தில்லையிலே நந்தனார் தீயில் மூழ்கி வேறு வடிவத்துடன் எழுந்த பின்னரே உட்புகுந்தார். மதுரையிலே பாணர் ஆலவாய்த் திருவாயில் முன்னின்று யாழிசைத்துப் பாடினார். இறைவன் தன் தொண்டர் கனவிற்றோன்றி அவரைத் திருமுன்பு கொணருமாறு பணித்தருளினான். அவர்களும் அங்ஙனமே செய்தனர். நிலத்தின் ஈரம் தாக்கின் யாழ் நெகிழுமென்று பொற்பலகையும் இடுவிக்கப்பட்டது. பாணருடம்பில் யாதொரு மாற்றமும் வேண்டப்படவில்லை. பின்னர்த் திருவாரூரில் அவர்பொருட்டு வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டதென்பதையும் மறைத்தலாகாது; அதனையே பற்றிக்கொண்டு வாதிடுவோரும் உளர். மதுரையில் வேறு வாயில் தேடப்படவில்லை என்பதை அவர் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

அதே கோயிலுள் 1939 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள் அ. வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மையைத் தொழச் சென்றார். அன்று யாருக்கும் கனவு வந்ததாகக் கூறுவாரில்லை. சட்டமும் அதுகாறும் வந்திலது. சென்னை அரசாங்கத்தார் ஆலயப் பிரவேசச் சட்டத்தை அவ்வாண்டிற் பின்னரே நிறைவேற்றி, முன் நிகழ்ந்த செயலுக்கும் காப்பளித்தனர். அர்ச்சகருட் சிலர் பூசை செய்ய மறுத்தனர். அம்மை கோயிலைவிட்டு நீங்கினளென்றும் எதிர்ப்பாளர் கூறினர். அவர் அனைவரையும் வஞ்சகரென்றல் முறையன்று. வழிவழி வந்த விதி தம் கையிற் கெடலாகாதென்று மெய்யாகவே அஞ்சினோரும் அவருள் இருந்திருப்பர். ஆயினும் அவ்வச்சம் சித்தாந்தத்துக்குப் பொருந்துமோ? உயிரின் ஆணவமலத்தை அகற்றுவோன், மாந்தர் வருகைக்கு அஞ்சி இடம்பெயர்வனோ?

இதனினும் அரியதொரு வினாவுண்டு. எல்லாரும் மனமொப்பும் வரை, சட்டம் வரும் வரை, பொறுத்திருத்தல் அறமாகாதோ என்பர். பொறுக்கச் சொல்வோர் பிராகாரத்து நிழலில் நிற்கின்றனர்; பொறுப்போர் வெயிலில் நிற்கின்றனர். பொறுமையை அறமென்று புகல்வோர் முதலிற் கருதவேண்டுவது இவ்வேறுபாட்டையே. சட்டம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்றும் சொல்லற்கில்லை. இலங்கையிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்ததோ 1968 இல்.

அது யாழ்ப்பாணத்தார் காரியமென்று வந்தாறுமூலையிலிருந்து நாம் ஒதுங்கிக்கொள்ளுதல் எளிது. மட்டக்களப்பு நாட்டுக் கோயில்களிலே குடிமுறைப்படி உரிமைகள் வகுக்கப்பட்டிருத்தல் யாவரும் அறிந்ததே. திருப்பணியைக் குடிகள் பங்கிட்டுச் செய்தல் நன்றே. அப்பங்கீடு ஒருவன் நின்று தொழும் இடத்தையும் அளந்துவிடுமாயின் அதனை ஆராய்தல் நம் கடன். யாழ் நூல் இயற்றிய காரைதீவு விபுலாநந்த அடிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தபோது அயலிலிருந்த சேரிப்பிள்ளைகளுக்கும் சென்று கற்பித்தாரென்பதை இவ்விடத்து நினைத்தல் தகும்.

நந்தனார் பாடம் நிகழும் வாரத்திலேயே பாணர் பாடத்தையும் வைத்துக்கொள்ளலாம். "பாணருக்குத் தீ ஏன் வேண்டப்படவில்லை?" என்று மாணாக்கனொருவன் வினவுவானாயின், ஆசிரியர் உடனே விடைகூற விரையாது, வகுப்பிலுள்ள ஏனையோரையும் சற்றுப் பேசவிடுக.