எழுதாத ஏட்டின் கடன்

ஆய்வுப் பணியில் இறங்கிய ஒருவர், வேண்டுமளவு படித்தும் குறிப்பெடுத்தும் முடித்த பின்னர், எழுதாமலே காலத்தைக் கடத்துவாராயின் அதனை அவருடைய சொந்தக் குறை என்று விட்டுவிடலாமா? அன்றி, பிறர்க்கு இழைக்கும் தீங்குகளுள் ஒன்றாக எண்ணத் தகுமா? இவ்வினா யாம் வலிந்து தேடிக்கொண்டதன்று. சென்ற கோடை விடுமுறையில் எம் இல்லத்திற்கு வந்திருந்த எம் தங்கை மகளின் பேச்சிலிருந்து பிறந்தது.

அப்பெண் தமிழிலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டு நான்காம் ஆண்டில் இருக்கிறாள். பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, இவ்வாய்வுக்குக் குறைந்த அளவு 3 ஆண்டுகள். மிகுந்த அளவு 6 ஆண்டுகள். மறுபதிவு செய்துகொண்டால் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகையுண்டு. "இன்னும் காலம் இருக்கிறது, மாமா" என்றாள். அவளது கைப்பேசியில் சுவடிகளின் படங்களும் நூலகப் பக்கங்களின் படங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தன. கணிப்பொறியில் 'இயல் ஒன்று', 'இயல் ஒன்று புதியது', 'இயல் ஒன்று கடைசி', 'இயல் ஒன்று கடைசியிலும் கடைசி' என்னும் பெயர்களில் நான்கு கோப்புகள் இருந்தன. நான்கினுக்கும் முதற் பத்தியில் மட்டுமே வேறுபாடு. "இன்னும் இரண்டு நூல்களைப் பார்த்துவிட்டால் எழுதத் தொடங்கிவிடுவேன்" என்றாள். அவ்விரண்டு நூல்கள் எவை என வினவினோம். அவளால் சொல்ல இயலவில்லை.

அவளைக் கடிந்துகொள்ள எமக்கு வாய் எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1993ஆம் ஆண்டில் வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவரைக் கண்டோம். ஜினாலயத்தில் நெடுங்காலம் நூல் வாசித்துப் பொருள் சொல்லி வந்தவர். அச்சிட்ட உரைகளில் காணப்படாத சொற்பொருள் விளக்கங்கள் பல, தம் தந்தையார் வழியாகவும் பாட்டனார் வழியாகவும் அவரிடம் வந்திருந்தன. பதினொரு முறை அவ்வூர் சென்று, திண்ணையில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல நான்கு குறிப்பேடுகள் நிறைய எழுதிக்கொண்டோம். மோரும் கொடுத்துப் பொறுமையையும் கொடுத்த அப்பெரியவர் எம்மிடம் வேண்டியது ஒன்றே. "அச்சில் வந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள் தம்பி" என்றார். அடுத்த தைக்குள் வந்துவிடும் என்றோம். அந்தத் தை வந்தது. அதன் பின்னும் ஐந்து தை வந்து போயின. 1999இல் அவர் மகனிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. பெரியவர் மறைந்து இரு திங்கள் ஆகியிருந்தன.

அன்று இரவு அக்குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தோம். மூன்றாம் ஏட்டின் ஓரங்களில், விளங்காத இடந்தோறும், 'கேட்க' என்று எம் கையாலேயே எழுதி வைத்திருந்தோம். எண்ணிப் பார்த்தபோது பதினேழு இடங்கள் இருந்தன. அவற்றை இனி யாரிடம் கேட்பது?

எழுதாமை பிறரைத் தொடும் குற்றமா என்னும் வினாவை யாம் ஏட்டறிவால் ஆராயவில்லை என்பதைக் காட்டவே இதனைச் சொன்னோம். எனினும் நம் ஆகமங்கள் இது பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்பதில் தவறில்லை. தத்துவார்த்த சூத்திரம் வினைக்கட்டிற்குக் காரணங்களாக ஐந்தினைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று பிரமாதம், அதாவது விழிப்பின்மை, சோர்வு. (இன்று விருந்துண்டு எழுந்தவரும் கச்சேரி கேட்டு மீண்டவரும் 'பிரமாதம், பிரமாதம்' என்கின்றனர். சொற்கள் படும் பாடு வியப்பிற்குரியது.) அந்நூலே, அறிவை மறைக்கும் வினை வந்து சேர்வதற்கான காரணங்களைக் கூறுமிடத்து, தாம் அறிந்ததைப் பிறர்க்கு உரையாது மறைத்தலையும் ஒன்றாகச் சேர்க்கிறது. அங்ஙனமாயின் குறிப்பேட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தவனும் அறிவை மறைத்தவனே ஆவானா?

மறைப்பவன் வேறு, தாமதிப்பவன் வேறு என்று வாதிடலாம். நோக்கத்தால் அவ்விருவரும் வேறு என்பதை யாமும் ஒப்புகிறோம். மறைப்பவன் உள்ளத்தில் அழுக்காறு உண்டு. தாமதிப்பவனோ நாளை தந்துவிடுவோம் என்றே மெய்யாக எண்ணுகிறான். ஆயினும் பெறவேண்டியவர் பக்கம் நின்று பார்த்தால் இருவர் வாயிலும் பூட்டியே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. எம் தாமதத்தின் வேரைத் தோண்டிப் பார்த்தபோது அங்கே சோம்பலைக் காட்டிலும் மானமே, அதாவது செருக்கே, மிகுதியாகக் கிடந்தது. எழுதாத நூலில் பிழை இல்லை. அதனை எவரும் மறுத்துரைக்க முடியாது. அறிஞர் என்று நாலுபேர் சொல்லும் பெயரை அது காத்துத் தருகிறது. எழுதினாலோ, 'இவ்வளவுதானா?' என்று கேட்க ஒருவர் வருவார். அந்த ஒருவருக்கு அஞ்சியே ஆறாண்டுகள் 'இன்னும் இரண்டு நூல்கள்' தேடிக்கொண்டிருந்தோம்.

இங்கிலாந்தில் ஆக்டன் பிரபு (1834–1902) என்றொரு வரலாற்றறிஞர் இருந்தார். சுதந்திரத்தின் வரலாற்றை எழுதுவது அவருடைய வாழ்நாள் எண்ணம். அதற்கெனப் பல்லாயிரம் நூல்களைத் திரட்டினார். பெட்டி பெட்டியாகக் குறிப்பெழுதினார். அந்நூல் எழுதப்படவே இல்லை. அவர் மறைந்தபின் சுமார் 60,000 நூல்கள் கொண்ட அவரது நூலகம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பொருளைச் சேர்த்தலுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் அணுவிரதத்தை நாம் அறிவோம். குறிப்புகளைச் சேர்த்தலுக்கு எல்லை வகுக்க நமக்குத் தோன்றுவதில்லை.

இதற்கு மறுதலையாக நம் கண்முன் நிற்பவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942). கும்பகோணம் கல்லூரியில் 1880ஆம் ஆண்டு தமிழாசிரியராக அமர்ந்த அவர், அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூர் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கியவரிடம், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட செய்தி நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்தது. அன்று தொடங்கிய தேடல் 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் அவர் வேலை செய்த முறையையே யாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பகலில் கல்லூரிப் பாடம். எஞ்சிய பொழுதில் ஏட்டுப் பிரதிகளை ஒப்பு நோக்கல். சமண சமயக் கோட்பாடுகள் வரும் இடங்களில் பொருள் விளங்காதபோது அவர் ஊகித்து எழுதிவிடவில்லை. பிறகு பார்ப்போம் என்று ஓரத்தில் குறித்துவிட்டு இருந்துவிடவுமில்லை. சந்திரநாத செட்டியார் முதலிய கும்பகோணத்துச் சமண அன்பர்களைத் தேடிச் சென்றார். அங்கே ஓர் இல்லத்தில் சிந்தாமணி படித்து நிறைவு செய்யும் விழாவே நடந்துகொண்டிருக்கக் கண்டு வியந்தார். தமிழாசிரியர் உலகம் மறந்திருந்த நூலொன்று, சில குடும்பங்களின் நாவில் உயிரோடிருந்தது! ஐயம் எழுந்தபோதெல்லாம் அவர்களை அணுகிக் கேட்டுத் தெளிந்தார்.

நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோள்களை எடுத்தாண்டு, நூற்பெயர் சுட்டாமல் 'என்றார் பிறரும்' என்று மட்டும் சொல்லிச் செல்லும் இடங்கள் பல. அந்தப் 'பிறர்' யார் என்று தேடித் தேடித்தான் சங்க நூல்கள் பலவற்றின் வாயில் அவருக்குத் திறந்தது. நினைவாற்றலை மட்டும் நம்பியிருந்தால் இது கைகூடியிராது. சொற்களுக்கும் செய்திகளுக்கும் மேற்கோள்களுக்கும் தனித்தனியே அகராதி எழுதி வைத்துக்கொண்டார். ஓரிடத்தில் கண்டது இன்னோரிடத்தில் உதவியது. அதனாற்றான் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என ஒன்றன்பின் ஒன்றாகக் கொணர முடிந்தது. எமக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. எல்லா ஐயமும் தீர்ந்த பின்னரே அச்சிடுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. கிடைத்ததைக் கொண்டு செம்மையாகப் பதிப்பித்தார். பின்வந்த பதிப்புகளில் திருத்திக்கொண்டார். திருத்தத்திற்கு உட்பட்ட ஒன்றை உலகின்முன் வைக்க அடக்கம் வேண்டும்.

இதைக் கேட்டு, அவசரமாக எழுதிவிடுவதே அறம் என்று யாரும் முடிவு கட்டலாகாது. நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணப் பெரியோர் ஏற்கவில்லை என்றும், பின் அவர் சமண நூல்களைக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அஃது உண்மையாயின் அந்த இரண்டாம் உரைக்குச் சென்ற காலம் வீண்காலமன்று. இங்கிலாந்தின் டார்வின் 1838இல் தமக்குத் தோன்றிய இயற்கைத் தெரிவுக் கொள்கையை 1859 வரை நூலாக்காதிருந்தார். இடையில் 1846 முதல் எட்டாண்டுகள் கொட்டலசு என்னும் கடலுயிர்களை ஆராய்ந்தார். அதனைச் சோம்பல் என எவர் சொல்வார்? மேலும், 1844இலேயே தம் கருத்தை விரிவாக எழுதி, தாம் இறந்துபட்டால் அதனை வெளியிடுமாறு மனைவிக்கு ஒரு மடலும் எழுதி வைத்தார். காத்திருத்தலுக்கும் கடத்துதலுக்கும் உள்ள வேறுபாடு அம்மடலில் இருக்கிறது என்பது எம் கருத்து. எம் பெட்டியில் அத்தகைய மடல் ஏதும் இருக்கவில்லை. எம் உயிர் அப்போது போயிருந்தால் நான்கு ஏடுகளும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிருக்கும்.

தங்கை மகளுக்கு யாம் சொன்னவை சிலவே. நாள்தோறும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், எழுது என்றோம். சாமாயிகத்திற்கு நம் முன்னோர் வகுத்த அளவு அது. மனம் ஒன்றில் நிற்க அதுவே போதும், அதற்கு மேல் நில்லாது என்பதை அறிந்தே வகுத்திருப்பர் போலும். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் இல்லங்களில் மாலை மிக நீண்டது. அந்த நீளத்தைத் தொலைக்காட்சி தின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மனம் கனிந்தபோது எழுதுவேன் என்பவரைக் காட்டிலும், குறித்த நேரத்தில் சிறிது சிறிதாக எழுதும் கல்லூரி ஆசிரியர்களே மிகுதியாக எழுதினர் என்றும், புதிய கருத்துகளும் அவர்களுக்கே மிகுதியாகத் தோன்றின என்றும் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1980களில் ஆய்ந்து கண்டார். எழுதும் நேரத்தில் திருத்தாதே, திருத்தும் நேரம் வேறு என்றும் சொன்னோம். கோப்பின் பெயரில் 'கடைசி' என்ற சொல் வேண்டா, நாளைக் குறி என்றோம், அதற்குச் சிரித்தாள்.

குறிப்பெடுக்கும் முறையைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகவே பேசினோம். எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்பதை முதலில் எழுதிவிட்டே செய்தியை எழுதவேண்டும். பிறர் சொல்லை மேற்கோட்குறிக்குள் இடவேண்டும்; தன் கருத்தை வேறு மையில் எழுதவேண்டும். இஃது ஒழுங்கு பற்றிய செய்தி மட்டுமன்று. குறிப்பேட்டில் அடையாளமின்றிக் கிடக்கும் பிறர் வாக்கியம், ஈராண்டுகள் கழித்துப் பார்க்கும்போது நம் வாக்கியம் போலவே தோன்றும். அப்படியே ஆய்வேட்டிற்குள் நுழைந்துவிடும். கள்ளாமை விரதம் பூண்டவன் அறியாமலே கள்வனாகும் வழி அது. 2018ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகள், பிற நூல்களோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காட்டை மீறினால் தண்டனை என்கின்றன. பத்துக்குள் அடங்கிவிட்டால் பழுதில்லை என்று மாணாக்கர் சிலர் கணக்கிடுவதைக் கேட்டிருக்கிறோம். ஒரே ஒரு வாக்கியமாயினும் உரியவர் பெயரை மறைத்து எடுத்தது எடுத்ததே அல்லவா?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள் நான்கு குறிப்பேடுகள் என்னவாயின, மாமா?" என்றாள்.

அவள் ஊர் திரும்பியபின் அவற்றை மீண்டும் எடுத்தோம். முதலிரண்டு ஏடுகள் இப்போது படியெடுக்கப்பட்டுவிட்டன. மூன்றாவதில் ஒன்பது பக்கங்கள் முடிந்திருக்கின்றன. 'கேட்க' என்றிருந்த பதினேழு இடங்களையும் மறைக்காமல், 'சொன்னவர் இருந்தபோது கேட்கத் தவறினோம்' என்னும் அடிக்குறிப்போடு அப்படியே அச்சிட எண்ணியுள்ளோம். பெரியவரின் பேரனுடைய முகவரியைத் தேடிப் பெற்றுவிட்டோம். முதற் பிரதி அங்குச் செல்லும். எம் தங்கை மகளோ, இயல் ஒன்றை முடித்து, இரண்டின் நடுவில் இருக்கிறாள். பல்லியின் வாலைப்போல் மேற்கோள்கள் மிகவும் நீள்கின்றனவாம்.