நான் மட்டும் எதுக்கு?

"புருஷனும் போய்ட்டாரு, புள்ளையும் போயிடுச்சி, நான் மட்டும் எதுக்கு?" என்று பிள்ளைச்சாவடி கரையில் அழுகிற தாயே, உன்னைக் கடிந்துகொள்ள மாட்டேன். நகோமியும் புருஷனையும் இரண்டு குமாரரையும் மோவாபில் பறிகொடுத்து, தன்னைக் கசப்பானவள் என்றே கூப்பிடச் சொன்னாள். தேவன் அவளை அதட்டவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம்ம கரையை அடித்த அதே சுனாமி, நாகப்பட்டினத்தில் பரமேஸ்வரன், சூடாமணி தம்பதியின் மூன்று பிள்ளைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. செத்துப்போகலாம் என்றே இருவரும் நினைத்தார்கள். ஆனால் தாய் தகப்பனை இழந்த குழந்தைகள் கண்ணில் பட்டார்கள். சிலரைத் தங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தார்கள். அது 'நம்பிக்கை' என்ற இல்லமாயிற்று, பிள்ளைகள் பெருகினார்கள்.

அதனால் துக்கம் தீர்ந்ததா? யோபுக்கும் பிறகு பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். முந்தின பத்துப் பேரை அவன் மறந்தான் என்று வேதம் சொல்லவில்லையே! சாவு வீட்டில் போய் "எல்லாம் நன்மைக்கே" என்கிறவர்களே, யோபின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாதிருந்தமட்டும் நல்லவர்களாயிருந்தார்கள்!

தாயே, ராத்திரியில் சாகிற நினைவு வந்தால் தனியே இராதே. பக்கத்து வீட்டக்காவை எழுப்பு. 14416-க்கு போன் பண்ணு, தமிழிலேயே பேசுவார்கள். விடிந்ததும் எந்தப் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றலாம் என்று பார்.